ஒரு மணித்தியாலத்தில் அறுபத்தாறு நிமிடம்

ஒரு மணித்தியாலத்தில் அறுபத்தாறு நிமிடம் வெயில் அடித்ததாக நான் எழுதியிருந்தேன். இடம், வட சாம்பியாவின் ஒரு வானிலை நிலையம். ஒரு ஜனவரி நாள், காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில். கணினி அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பாக்கிக் காட்டியது. மற்ற வரிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒழுங்காக இருக்கின்றன என்று அதுவரை நான் நம்பியிருந்தேன்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலில் பொறியியல் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். வாரத்தில் மூன்று நாள் பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளர் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. அங்கே உட்கார்ந்துதான் நாங்கள் வெயிலை அளந்தோம்.

நாங்கள் என்பது நானும், சாம்பியாவிலிருந்து கலாநிதிப் பட்டத்துக்காக வந்திருந்த ஒரு பெண்ணும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். முதல் வாரமே பழக்கதோஷத்தில் அவரை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்பிடியே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் வீட்டுத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

அக்கா வரும்போது இரண்டு பெரிய சூட்கேஸ்கள் கொண்டுவந்திருந்தார். உடுப்பு எல்லாம் தோள்பையில். சூட்கேஸ் இரண்டிலும் அட்டைகள் மட்டும்தான்: நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில், ஒரு சாண் நீளத்தில், நூலால் மாதம் மாதமாகக் கட்டப்பட்டவை. டோர்வல் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இவை ஏன் எரிந்திருக்கின்றன என்று கேட்டாராம். சூரியன் எரித்தது என்று அக்கா சொன்னாராம். அதற்குப் பிறகு இன்னும் அரை மணித்தியாலம் அங்கே நிற்கவேண்டி வந்தது.

அந்த அட்டைகளின் கதை எளிமையானது. வானிலை நிலையத்தின் முற்றத்தில் ஒரு கண்ணாடிக் கோளம் இருக்கும், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. வெயில் அடிக்கும்போது கோளம் அதைக் குவித்து, பின்னால் செருகியிருக்கும் அட்டையில் ஒரு கோடாக எரிக்கும். முகில் வந்தால் கோடு நின்றுவிடும். பொழுது சாய்ந்ததும் அட்டையை எடுத்து, திகதி எழுதி, நாளைக்குரிய அட்டையைச் செருகிவிட்டுப் போவார்கள். அட்டையில் மணித்தியாலங்களுக்கு வெள்ளைக் கோடுகள் உண்டு. எரிந்த நீளத்தை அளந்தால் அன்று எவ்வளவு நேரம் வெயில் இருந்தது என்று தெரியும்.

கதிர்வீச்சை நேரடியாக அளக்கும் கருவிகள் அவருடைய நாட்டில் மிகச் சில இடங்களில்தான் இருந்தன. கண்ணாடிக் கோளங்களோ பல இடங்களில், பல காலமாக இருந்தன. வெயில் அடித்த நேரத்தை, முகிலே இல்லாவிட்டால் அடித்திருக்கக்கூடிய நேரத்தோடு ஒப்பிட்டு, அந்த இடத்தில் நிலத்தில் விழும் கதிர்வீச்சை மதிப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது. சூத்திரம் ஒரே ஒரு வரி. அதற்குக் கொடுக்கவேண்டிய எண்கள் இரண்டு சூட்கேஸ் நிறைய இருந்தன.

அக்காவின் ஆய்வு புத்தக அலுமாரிக்குப் போகிற ஆய்வு இல்லை. மின்கம்பி எட்டாத பதினொரு கிராமச் சிகிச்சை நிலையங்களின் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைக்க, அவை ஒவ்வொன்றுக்கும் சூரிய ஒளியில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி கொடுப்பதாக அவருடைய நாட்டின் சுகாதாரத் திணைக்களம் சொல்லியிருந்தது. முப்பத்துமூன்று சோலர் தகடுகள் ஏற்கனவே வந்து களஞ்சியத்தில் கிடந்தன. அந்த வருடம் அதற்குமேல் ஒன்றும் வராது. ஒரு பெட்டிக்கு எத்தனை தகடு வேண்டும் என்பதை எங்கள் அட்டவணை சொல்லவேண்டும். அதைப் பட்டியலின் வரிசைப்படி பங்கிடுவார்கள். வருடச் சராசரியை வைத்து அதைச் சொல்ல முடியாது. மருந்துக்குச் சராசரி தெரியாது. மழை பெய்கிற ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அது குளிராக இருக்கவேண்டும்.

பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த நிலையத்தில் தாதியாக இருந்தவர் அக்காவின் தங்கை. ஒவ்வொரு கிழமையும் இருபத்தைந்து கிலோமீற்றர் சைக்கிளில் போய், ஐஸ்பெட்டியில் மருந்து எடுத்துவந்து, அன்று மத்தியானத்துக்குள் போட்டு முடிப்பவர். இதை அக்கா எனக்கு முதல் நாளே சொன்னார். மறைக்கவில்லை. "பேந்து ஆரும் கேட்டா, முதலே சொன்னனான் எண்டு இருக்கட்டும்" என்றார்.

அட்டை வாசிக்கக் கற்றுத்தந்ததும் அவர்தான், ஒரு ஓகஸ்ட் மாதத்துக் கட்டை வைத்து. அங்கே ஓகஸ்டில் மழை கிடையாது. காலையிலிருந்து மாலைவரை ஒரே கோடு, கத்தியால் கீறியதுபோல. வெள்ளைக் கோடுகளோடு ஒப்பிட்டு, பத்திலொரு மணித்தியாலத்துக்குத் துல்லியமாக எழுதவேண்டும். பத்திலொரு மணித்தியாலம் என்றால் ஆறு நிமிடம். ஒரு நாளைக்கு ஐம்பது அட்டை என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். கையேட்டின் ஒளிப்படப் பிரதி எங்கே இருக்கிறது என்றும் அக்கா சொன்னார். ஒரு நேர்கோட்டை அளக்க ஒரு கையேடு எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழை மாதங்களின் கட்டுகளை அவிழ்த்தபோது கோடுகள் இல்லை. புள்ளிகள்தான் இருந்தன. முகில்களுக்கு இடையில் சூரியன் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது, ஒரு புள்ளி. மீண்டும் ஒருமுறை, இன்னொரு புள்ளி. இவற்றை எப்படி எழுதுவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அக்கா மேல்மாடியில் ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். நானே தீர்மானித்தேன். சூரியன் வந்தது உண்மை. எழுதக்கூடிய மிகச் சிறிய அளவு ஆறு நிமிடம். ஆகவே ஒரு புள்ளிக்கு ஆறு நிமிடம். அந்தக் காரணம் எனக்கு மிகவும் சுத்தமாகத் தெரிந்தது. அதோடு, இவ்வளவு மழைக்குள்ளும் வந்துபோன அந்தக் கொஞ்ச வெயிலைக் குறைத்து எழுத மனம் வரவில்லை என்பதையும் இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

அந்த எண்களை வைத்து பெப்ரவரி முதல் கிழமையில் முன்வரைவு அட்டவணை போனது. ஒரு பெட்டிக்கு மூன்று தகடு. பதினொரு நிலையங்கள், முப்பத்துமூன்று தகடுகள். மிச்சமே இல்லை. அக்காவின் தங்கை அங்கே பெட்டிக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, வெள்ளை அடித்து, எறும்பு ஏறாமல் இருக்கச் செங்கல்லில் ஒரு மேடை கட்டிவிட்டார். மேடையின் படத்தை யாரோ நகரத்துக்குப் போனபோது மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அக்கா அதை அச்செடுத்துக் கணினியின் ஓரத்தில் ஒட்டினார்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் சிவப்பு வரி வந்தது.

இறுதி அட்டவணைக்கு முன்னர் ஒரு சோதனை எழுதினேன். எந்த ஒரு மணித்தியாலத்திலும் ஒரு மணித்தியாலத்துக்குமேல் வெயில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்த நாளின் அட்டையைத் தேடி எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் பதினொரு புள்ளிகள், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. பதினொன்று தடவை ஆறு, அறுபத்தாறு. பிறகு சூட்கேஸின் மூடிப் பைக்குள் இருந்த கையேட்டை எடுத்தேன். எனக்கு வேண்டிய வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எரிந்த இடம் வெயில் நின்ற நேரத்தைவிட அகலமாகப் பரவும். ஆகவே தனிப் புள்ளிகளானால் இரண்டோ மூன்றோ சேர்ந்தால்தான் பத்திலொரு பங்கு.

ஒரு மணித்தியாலம் மட்டும் பிழை என்றால் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். பிழை எல்லா மழை நாளிலும் இருந்தது. மற்ற இடங்களில் கூட்டுத்தொகை அறுபதைத் தாண்டாததால் ஒளிந்திருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்:

மீண்டும் வாசிக்கவேண்டிய அட்டைகள்: ஐந்து மழைக்காலங்கள், எழுநூற்றைம்பது சொச்சம்.
இறுதி அட்டவணைக்கு உள்ள நாள்கள்: பன்னிரண்டு.
சொல்லவேண்டியவர்:

மூன்றாவது வரியை முடிக்காமல் எழும்பிப் போய், அக்காவிடம் அட்டையைக் கொடுத்தேன்.

அவர் அதை நிறைய நேரம் பார்த்தார். "ஒரு மணித்தியாலத்திலை அறுபத்தாறு நிமிசம்" என்றார். "எங்கடை நாட்டுக்கு இவ்வளவு தாராளமா இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் குடுத்ததில்லை."

"நான் கேட்டிருக்கவேணும், அக்கா."

"ஓம். கேட்டிருக்கவேணும்." சிறிது பொறுத்து, "நானும் காட்டியிருக்கவேணும். ஓகஸ்ட் அட்டையை வைச்சுப் படிப்பிச்சனான், என்னிலையும் பிழை இருக்கு" என்றார். அவர் கண் கணினியின் ஓரத்துப் படத்துக்குப் போய்த் திரும்பியது. மூன்று தகடு போதாது என்றால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். 

மறுவாசிப்பில் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். ஒரே அட்டையை இருவரும் தனித்தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் வாசிப்பது. இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் வாசித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும். ஆய்வுகூடத்தை ஞாயிறுகளில் பூட்டிவிடுவார்கள். அதனால் சூட்கேஸில் பாதியை மெட்ரோவில் ஏற்றி, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குசினி மேசை ஜன்னலோரத்தில் இருந்தது. மூன்றாவது ஆளாக அம்மா கிடைத்தார்.

அம்மா அப்போது ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் முடிந்த சட்டைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே ஒரு அட்டையைக் கையில் எடுத்தார்.

"உது என்ன பிள்ளை, கறையான் அரிச்ச மாதிரி?"

"வெயில், அம்மா."

"ஆற்றை வெயில்?"

"அக்கான்ரை ஊர் வெயில்."

அம்மா அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெளியே எதிர்வீட்டு இரும்புப் படிக்கட்டு பனியால் மூடிக் கிடந்தது. "வெயில் எரிக்கிற நாட்டிலை பிறந்த பிள்ளை, வெயிலைப் படிக்கிறதுக்கு இஞ்சை வந்திருக்கு. அதுவும் இந்த மாசத்திலை. கேக்கிற சனம் சிரிக்காதோ?"

மொழிபெயர்த்தேன். அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அம்மாவுக்குச் சொல்லு, அங்கை எண்டா ஆர் உள்ளுக்கை குந்தியிருந்து அட்டை பாப்பினம்? வெளியிலை வெயில் நல்லா இருக்கும், நான் போயிடுவன்."

அம்மா சிரித்தார். நான் என் பிழையை விளக்கியபோது மறுபடியும் சிரித்தார். "ஊசி போன ஓட்டை ஊசியைவிடப் பெரிசு எண்டு தைக்கிற எல்லாருக்கும் தெரியும். நீ பெரிய படிப்புப் படிச்சனி."

அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. அக்காவுக்குத் தமிழ் இல்லை. ஆனால் இருவரும் வந்த புதிதில் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர்கள். அந்த மேசையில் அவர்களுக்கிடையே ஓடியது பத்துப் பன்னிரண்டு பிரெஞ்சுச் சொற்கள்தான். அம்மா ஒரு தையல் ஊசியின் முனையால் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, "து" என்பார், இரண்டு. அல்லது "துமி", பாதி. அக்கா எழுதிவிட்டு "மெர்சி, பமாயோ" என்பார். பமாயோ என்பது அவருடைய மொழியில் மரியாதையாக அம்மா. சட்டை சோதிக்கிறபோது சந்தேகமானதைக் கழித்துவிடுவதுதான் அம்மாவின் பழக்கம். வாசிப்பிலும் அப்படித்தான் செய்தார். எங்கள் இருவரையும்விட அவருடைய எண்கள் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருந்தன.

இரண்டாவது ஞாயிறு ஒரு ஜனவரி அட்டையில் பிணக்கு வந்தது. நான் பத்தில் மூன்று என்று எழுதியிருந்தேன். அக்கா பத்தில் ஐந்து. அம்மா ஊசியால் இரண்டு தரம் எண்ணிவிட்டு "துருவா" என்றார், மூன்று.

"அம் பூ ப்ளூ, பமாயோ?" கொஞ்சம் கூட்ட முடியாதா என்று அக்கா கேட்டார். விளையாட்டாகத்தான்.

"நோன்" என்றார் அம்மா. "பா போன்." தொழிற்சாலையில் கழிக்கிற சட்டைக்குச் சொல்கிற சொல் அது.

அக்கா சிரித்தார். பிறகு அந்த அட்டையை மேசையில் வைத்துவிட்டு, இனி ஜனவரி அட்டைகளைத் தான் வாசிக்கவில்லை, நானும் அம்மாவும் வாசித்தால் போதும் என்றார். தன் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழும்பிப் போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தார். பனி விழுகிற திசையைப் பார்த்துக்கொண்டு தேநீர் ஊற்றினார். நாங்கள் வாசித்து முடிக்கும்வரை மேசைப் பக்கம் வரவில்லை.

புதிய எண்களில் மழை மாதங்களின் கதிர்வீச்சு இறங்கியது. ஒரு பெட்டிக்கு மூன்று தகடு போதாது, நான்கு வேண்டும். முப்பத்துமூன்றை நான்கால் பிரித்தால் எட்டு, மிச்சம் ஒன்று. பட்டியலில் ஒன்பதாவதும் பத்தாவதும் பதினோராவதும் விழுந்துபோயின.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் இரண்டு அட்டவணைகளையும் கொண்டுபோனோம். நல்ல மனிதர். அவரும் அந்தச் செங்கல் மேடையின் படத்தைப் பார்த்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சூத்திரத்தின் வழமையான பிழையே ஏறக்குறைய இந்த வித்தியாசம் அளவுக்கு வரும் என்றார். விரும்பினால் முதல் அட்டவணையையே ஒரு அடிக்குறிப்போடு அனுப்பலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் ஏமாற்றச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு வழி காட்டத்தான் பார்த்தார். நான் அந்த வழியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று சிகிச்சை நிலையங்கள். என் கையால் கொடுத்து, என் கையாலேயே பிடுங்குவது.

அக்கா சொன்னார்: "சூத்திரத்தின்ரை பிழை ரெண்டு பக்கமும் போகும், சேர். சில வருசம் கூட, சில வருசம் குறைய. எங்கடை பிழை ஒரு பக்கம்தான் போகுது."

 பேராசிரியர் இரண்டாவது அட்டவணையை எடுத்துக் கையெழுத்திட்டார்.

தங்கைக்குச் சொல்லவேண்டியிருந்தது. திணைக்களத்தின் கடிதத்தில் அவர் அதைத் தெரிந்துகொள்ளக்கூடாது என்று அக்கா சொன்னார். ஒரு ஞாயிறு காலை எங்கள் தெரு முனையில் இருந்த தெபனேரில், சின்னப் பெட்டிக்கடையில், தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி, எங்கள் வீட்டிலிருந்து அழைப்பு எடுத்தார். அங்கே பின்னேரம். தங்கை ஞாயிறுகளில் நகரத்தில் ஒரு உறவினர் வீட்டுக்கு வருவார். நான் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, புரியாத மொழியில் அக்காவின் குரல் விளக்குவதையும், நிற்பதையும், மறுபடி விளக்குவதையும் கேட்டேன். ஒரு இடத்தில் என் பெயர் வந்தது. 

தொலைபேசியை வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"என்ன சொன்னவ?"

"முதல்லை ஏசினாள். சுவருக்கு வெள்ளை அடிச்ச பொடியனுக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டாள். பேந்து, மூண்டு தகட்டோடை பெட்டி வந்தா ஜனவரியிலை என்ன நடக்கும் எண்டு கேட்டாள். ரெண்டு நாள் முகில் மூடினா நிண்டுபோகும் எண்டன்."

"அதுக்கு?"

"'ஐஸ்பெட்டி மத்தியானம் மட்டும்தான் தாங்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலை ஓடி ஓடிப் போடுறன். எப்ப நிண்டுபோகும் எண்டு தெரியாத பெட்டியை வைச்சு நான் என்ன செய்யிறது?' எண்டாள்." அக்கா கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "கோவம்தான். ஆனா கடைசியிலை ஒண்டு கேட்டாள். மிச்சம் ஒரு தகடு இருக்கெண்டனீ, அது ஆருக்கு?"

இருவருமே அதை யோசித்திருக்கவில்லை. எங்களுக்கு அது வகுத்தலின் மீதி மட்டுமே.

ஒரு தகட்டால் குளிர்சாதனப் பெட்டி ஓடாது. ஆனால் ஒரு மின்கலத்தை ஏற்றி, பிரசவ அறையில் ஒரு விளக்கை எரிக்க அது தாராளமாகப் போதும். இரவில் வரும் பிரசவங்களுக்குத் தங்கை வாயில் டோர்ச்சைக் கவ்விக்கொண்டு நிற்பவர். இதை அக்கா எனக்குச் சொல்லிவிட்டு, அட்டவணையில் மட்டும் எழுதமாட்டேன் என்றார். "என்ரை தங்கச்சி. நான் எழுதினா நல்லா இராது."

நான் கணினியைத் திறந்தேன். "பட்டியலிலை எட்டுக்குப் பிறகு என்ன வரும், அக்கா?"

"ஒன்பது."

"அப்ப பட்டியல்தான் எழுதுது." ஒன்பதாவது வரியில் தட்டெழுதினேன். தகடு: ஒன்று. குளிர்சாதனம்: இல்லை. பயன்: பிரசவ அறை விளக்கு. அக்கா அதை வாசித்துவிட்டு, ஒன்பதாவது நிலையத்தின் தாதி தன் தங்கை என்று அடிக்குறிப்பு ஒன்றும் போடச் சொன்னார். போட்டேன். அதன் கீழே இன்னொரு அடிக்குறிப்பை நானாகச் சேர்த்தேன். முன்வரைவில் மழைக்கால எண்கள் கூடியிருந்ததற்குக் காரணம் என்ன, யாருடைய வாசிப்பு என்பது.

வைகாசியில் அக்கா ஊருக்குப் போனார். அப்பா டோர்வலில் பயணப் பொதி ஏற்றுகிற வேலை செய்பவர். அவரே வந்து இரண்டு சூட்கேஸ்களையும் பட்டியால் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டினார். அம்மா தன் ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, துணியில் குத்திச் சுருட்டி, அக்காவிடம் கொடுத்தார்.

அடுத்த வருடம் மார்ச்சில் அக்காவிடமிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒரு படமும், நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு ஜனவரித் தாளும். படத்தில் அதே செங்கல் மேடை. அதன்மேல் மின்கலம், அதன் பக்கத்தில் பழைய ஐஸ்பெட்டி. நாள்காட்டியில் தங்கை, விளக்கு எரியாமல்போன இரவுகளுக்கு நேரே பேனையால் புள்ளி வைத்திருந்தார். எந்த இரவில் பிரசவம் என்பதற்கும் ஒரு வட்டம் இருந்தது. புள்ளிகள் இரண்டு. வட்டங்கள் ஆறு. ஒரு இடத்தில் மட்டும் வட்டத்துக்குள் புள்ளி.

அம்மா அந்தத் தாளை ஜன்னல் பக்கம் பிடித்து ஊசி இல்லாமல், விரலால் எண்ணினார். அந்த ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

தெரியவில்லை என்றேன். அன்று மாலையே கடிதம் எழுதி, முதல் வரியில் அதைக் கேட்டேன். இந்த முறை நானாக ஒன்றும் தீர்மானிக்கவில்லை. பதில் வர ஏழு கிழமை ஆனது. பெண் குழந்தை, டோர்ச் வெளிச்சத்தில், சுகம் என்று அக்கா எழுதியிருந்தார்.